டென்னிஸில் ஓர் இளம் வீரரின் முதல் சில ஆண்டுகள்

2025 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் முதல் சுற்றில், 18 வயது பிரேசில் வீரர் ஜோவாவ் ஃபொன்சேகா, போட்டியின் ஒன்பதாம் நிலை வீரரான ஆந்த்ரே ருப்லெவை ஒரு செட்கூட விடாமல் வென்றார். டென்னிஸை எப்போதாவது பார்க்கிறவர்கள் பலருக்கு அன்றைக்குத்தான் அந்தப் பெயர் காதில் விழுந்திருக்கும். அதற்கு முந்தைய வாரம் அதே மெல்பர்னில் அவர் மூன்று தகுதிச் சுற்று ஆட்டங்களை வென்றிருந்தார். அதற்குச் சில நாள் முன்பு கான்பெராவில் ஒரு சேலஞ்சர் பட்டம். அதற்கும் முன்பு, டிசம்பரில், ஜெட்டாவில் இளம் வீரர்களுக்கான நெக்ஸ்ட் ஜென் பட்டம். ஓராண்டு பின்னால் போய்ப் பார்த்தால், உலகின் முதல் 500 பேருக்குள்கூட அவர் இல்லை.

தகுதிச் சுற்று, சேலஞ்சர், வைல்ட் கார்ட், தரவரிசைப் புள்ளி என்று வர்ணனையில் வந்து போகும் சொற்களுக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது பிடிபட்டுவிட்டால், ஓர் இளம் வீரர் இப்போது எங்கே நிற்கிறார், அடுத்த வாரம் எதற்காக ஆடப் போகிறார் என்பதை நாமே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். கிரிக்கெட்டிலோ கால்பந்திலோ ஓர் அணி உங்களைத் தேர்ந்தெடுக்கும், ஒப்பந்தம் போடும், சம்பளம் தரும். டென்னிஸ் சுற்றில் தேர்வுக் குழு கிடையாது, மாதச் சம்பளமும் கிடையாது. எந்தப் போட்டியில் ஆடலாம் என்பதைப் பெரும்பாலும் உங்கள் தரவரிசை எண்தான் தீர்மானிக்கும். விண்ணப்பித்தவர்களை அந்த எண்படி அடுக்கி, இடம் தீரும் வரை மேலிருந்து எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். முதல் பத்து இடங்களில் இருப்பவர்களின் தரவரிசையை ரசிகர்கள் பெருமையாகப் பார்க்கிறார்கள். 400-ஆவது இடத்தில் இருப்பவருக்கோ, அடுத்த மாதம் எந்த ஊரில் ஆட முடியும் என்ற கேள்விக்கு அந்த எண்தான் பதில். எதிராளியை வெல்வது பாதி வேலை. ஆட இடம் கிடைப்பது மீதிப் பாதி. தொடக்க ஆண்டுகளில் அந்த மீதிப் பாதிதான் கடினமானது என்று நான் நினைக்கிறேன்.

1973 ஆகஸ்ட் 23 அன்று, ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பான ஏடிபி தன் முதல் கணினித் தரவரிசையை வெளியிட்டதே இதற்காகத்தான். அதுவரை யாரைச் சேர்ப்பது என்பதில் போட்டி அமைப்பாளர்களின் விருப்பத்துக்கு அதிக இடம் இருந்தது. முதல் பட்டியலில் முதலிடம் ருமேனியாவின் இலியே நஸ்டாசேவுக்குக் கிடைத்தது. பெண்களுக்கான டபிள்யூடிஏ கணினித் தரவரிசை 1975-ல் வந்தது.

புள்ளிகள் எங்கே கிடைக்கின்றன

தொழில்முறை டென்னிஸில் அடிமட்டத்தில் இருப்பவை சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு, அதாவது ஐடிஎஃப், நடத்தும் போட்டிகள். ஆண்களுக்கு எம்15, எம்25 என்று இரண்டு வகை. பெண்களுக்கு டபிள்யூ15, டபிள்யூ35, டபிள்யூ50, டபிள்யூ75, டபிள்யூ100 என்று இன்னும் சில படிகள் உண்டு. இவற்றுக்கு மேலே ஆண்களுக்கு ஏடிபி சேலஞ்சர் போட்டிகள், பெண்களுக்கு டபிள்யூடிஏ 125 போட்டிகள். அதற்கும் மேலே நாம் தொலைக்காட்சியில் பார்க்கும் 250, 500, 1000 போட்டிகள். உச்சியில் நான்கு கிராண்ட் ஸ்லாம்கள்: ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன். 250, 500, 1000 என்பவை பட்டம் வெல்பவருக்குக் கிடைக்கும் புள்ளிகளையே குறிக்கின்றன. கிராண்ட் ஸ்லாம் வென்றால் 2000.

எம்15 போட்டியின் பிரதான சுற்றில் 32 பேர். பட்டம் வெல்ல ஐந்து ஆட்டங்களை வெல்ல வேண்டும், கிடைப்பது 15 புள்ளிகள். இறுதியில் தோற்றால் 8, அரையிறுதியில் 4, காலிறுதியில் 2. ஒரே ஓர் ஆட்டத்தை மட்டும் வென்றால் ஒரு புள்ளி, முதல் சுற்றிலேயே வெளியேறினால் ஒன்றுமில்லை. இப்போது கிராண்ட் ஸ்லாமைப் பாருங்கள். ஆண்கள் பிரிவில் முதல் சுற்றில் தோற்றாலே 10 புள்ளிகள். ஓர் ஆட்டம் வென்று இரண்டாவது சுற்றில் தோற்றால் 50. அதாவது மூன்று எம்15 பட்டங்கள், 15 வெற்றிகள், எல்லாம் சேர்ந்தாலும் 45 புள்ளிகள்தான். விம்பிள்டனில் ஒரே ஒரு வெற்றி அதைத் தாண்டிவிடும்.

இந்த இடைவெளி நியாயமா என்று கேட்டால், ஒரு வகையில் நியாயம்தான். விம்பிள்டனில் எதிரே நிற்பவரின் தரம் வேறு. ஆனால் அதன் விளைவு ஒன்றை மறந்துவிடக் கூடாது. மேலே இருப்பவர் ஒரு நல்ல வாரத்தில் சேர்ப்பதைக் கீழே இருப்பவர் சேர்க்க மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் 700-லிருந்து 300-க்கு வருவதற்கு ஆகும் காலத்தைப் பார்த்து ஓர் இளைஞரின் திறமையை எடை போட்டுவிட முடியாது.

அப்புறம், புள்ளிகள் நிரந்தரமானவை அல்ல. ஒவ்வொரு வாரத்துப் புள்ளியும் 52 வாரங்கள் கணக்கில் இருக்கும், பிறகு விழுந்துவிடும். சென்ற ஆண்டு இதே வாரத்தில் பட்டம் வென்றிருந்தால், இந்த ஆண்டும் அதற்கு ஈடாக ஏதாவது சம்பாதித்தால்தான் இடம் தங்கும். வர்ணனையாளர்கள் "அவர் இந்த வாரம் 100 புள்ளிகளைக் காப்பாற்ற வேண்டும்" என்று சொல்வது இதைத்தான்.

அடிமட்டம் எப்படி இருக்கும்

துனிசியாவின் மொனாஸ்டிர், துருக்கியின் அன்தால்யா, எகிப்தின் ஷார்ம் எல் ஷேக். இந்தப் பெயர்கள் பெரிய டென்னிஸ் செய்திகளில் வருவதில்லை. ஆனால் தரவரிசையில் ஏறத் துடிக்கும் பல நாட்டு இளைஞர்களும் இங்கே வாரக்கணக்கில் தங்கியிருந்து ஆடியிருக்கிறார்கள். ஒரே விடுதி வளாகத்தில் வாராவாரம் ஒரு 15,000 டாலர் போட்டி நடக்கும். இந்த வாரம் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதில்லை, அடுத்த திங்கட்கிழமை அதே மைதானத்தில் இன்னொரு போட்டி. விமானச் செலவு மிச்சம் என்பதுதான் இங்கே வருவதற்கு முக்கியக் காரணம்.

15,000 டாலர் என்பது ஒருவருக்குக் கிடைக்கும் தொகை என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது போட்டியின் மொத்தப் பரிசுத்தொகை. எம்15-ல் ஒற்றையர் பட்டம் வென்றவருக்கு 2,160 டாலர், பிரதான சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கு 156 டாலர். அதிலும் வரிப் பிடித்தம் உண்டு. தங்குமிடம், சாப்பாடு, மட்டைக்கு நரம்பு கட்டுவது, பயணம் எல்லாம் அவரவர் கையிலிருந்துதான். சில போட்டிகளின் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறியும் எச் என்ற எழுத்தும் இருக்கும். அங்கே தங்குமிடத்தைப் போட்டி நடத்துகிறவர்களே தருவார்கள். கையில் காசு குறைந்த வீரர் முதலில் தேடுவது அந்த எழுத்தைத்தான்.

ஐடிஎஃப் தானே நடத்திய ஓர் ஆய்வு இந்த நிலையைத் தெளிவாகக் காட்டியது. 2013-ல் ஏறத்தாழ 14,000 பேர் தொழில்முறைப் போட்டிகளில் ஆடினார்கள். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஒரு டாலர்கூடப் பரிசாகப் பெறவில்லை. பயிற்சியாளர் செலவைக் கணக்கில் சேர்க்காமலே, வரவும் செலவும் சமமாகும் இடம் ஆண்களில் 336-ஆவது, பெண்களில் 253-ஆவது தரநிலை என்று அந்த ஆய்வு கணித்தது. உலகின் 400-ஆவது சிறந்த ஆட்டக்காரர் தன் தொழிலில் நட்டத்தில் இருக்கிறார் என்றால், அந்த ஏற்பாட்டில் கோளாறு இருக்கிறது என்றே நான் சொல்வேன்.

கோளாறைச் சரிசெய்ய நடந்த ஒரு முயற்சி வேறு விதமாகப் போனது. இத்தனை பேரைச் சுற்றில் வைத்திருக்க முடியாது என்று நினைத்து, 2019 தொடக்கத்தில் 15,000 டாலர் போட்டிகளிலிருந்து உலகத் தரவரிசைப் புள்ளிகளை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகத் தனியாக ஐடிஎஃப் புள்ளிகள் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நிறையப் பேருக்கு ஒரே இரவில் தரவரிசையே இல்லாமல் போனது. எதிர்ப்பு பலமாக எழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் பழைய முறை திரும்பி வந்தது. அந்த ஒற்றைப் புள்ளிக்கு அவ்வளவு மதிப்பு.

ஜூனியர், கல்லூரி, நேர்வழி

மேலே வர மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. ஐடிஎஃப் ஜூனியர் போட்டிகள் 13 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு. அதிலும் தனித் தரவரிசை உண்டு, நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் ஜூனியர் பிரிவும் உண்டு. ஆனால் ஜூனியர் புள்ளிகள் பெரியவர்கள் பட்டியலுக்கு வராது, அங்கே பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆண்டு முடிவில் ஜூனியர் பட்டியலில் முன்னணியில் இருப்பவர்களுக்குத் தொழில்முறைப் போட்டிகளில் சில இடங்களை ஒதுக்கித் தருகிறார்கள் என்பது ஓர் உதவி.

ஜூனியர் பட்டம் எதிர்காலத்துக்கு உத்தரவாதம் என்று நம்புகிறவர்கள் ரோஜர் ஃபெடரரின் தேதிகளைப் பார்க்கலாம். 1998-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார். அதே மாதம் க்ஸ்டாடில் தன் முதல் ஏடிபி ஆட்டத்தில் தோற்றார். முதல் ஏடிபி பட்டம் 2001 பிப்ரவரியில், மிலானில்தான் கிடைத்தது. ஃபெடரருக்கே இரண்டரை ஆண்டு ஆகியிருக்கிறது. யானிக் சின்னர் இதற்கு நேர்மாறு. சிறு வயதில் பனிச்சறுக்கில் முன்னணியில் இருந்தவர். 13 வயதில் டென்னிஸுக்காக வீட்டை விட்டுப் போய்ப் பயிற்சி மையத்தில் சேர்ந்தார். ஜூனியர் சுற்றில் பெரிதாக எதையும் வெல்லாமலே பெரியவர்களோடு ஆடத் தொடங்கினார். 2019 பிப்ரவரியில், 17 வயதில், 546-ஆவது இடத்தில் இருந்தபோது பெர்காமோ சேலஞ்சரில் வைல்ட் கார்டில், அதாவது போட்டி நடத்துகிறவர்களின் அழைப்பில், இறங்கிப் பட்டத்தையே வென்றுவிட்டார்.

அமெரிக்கக் கல்லூரிகள் வழியாக வருவது ஒரு காலத்தில் இரண்டாம்தர வழியாகப் பார்க்கப்பட்டது. இன்று அப்படிச் சொல்ல முடியாது. பென் ஷெல்டன் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2022-ல் கல்லூரி ஒற்றையர் சாம்பியன் ஆனார். அடுத்த ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் காலிறுதியில் நின்றார். டானியல் காலின்ஸ், கேமரன் நாரி இருவரும் கல்லூரி டென்னிஸிலிருந்து வந்தவர்களே. உடம்பு முழுதாக வளரும் வரை பயிற்சியும் படிப்பும் செலவில்லாமல் கிடைத்தால், 22 வயதில் சுற்றுக்கு வருவது தாமதம் இல்லை. பெற்றோர் யாராவது என்னிடம் கேட்டால், 18 வயதில் 600-ஆவது இடத்தில் இருக்கும் பிள்ளைக்கு நான் இந்த வழியைத்தான் முதலில் சொல்வேன். ஃபொன்சேகாவும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேருவதாகத்தான் இருந்தார். 2024 பிப்ரவரியில் ரியோ போட்டியில் வைல்ட் கார்டில் இறங்கிக் காலிறுதி வரை போனதும் அந்த முடிவு மாறியது.

வைல்ட் கார்ட், தகுதிச் சுற்று, லக்கி லூசர்

கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் 128 இடங்கள். அவற்றில் 104 தரவரிசைப்படி நேரடியாக நிரம்பும். 16 இடங்கள் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டங்களை வென்று வருகிறவர்களுக்கு. மீதி எட்டு வைல்ட் கார்ட், அதாவது போட்டியை நடத்துகிறவர்கள் தாங்களாகவே தரும் அழைப்பு. "முதல் நூறு" என்ற எல்லைக்கு டென்னிஸில் இவ்வளவு மரியாதை இருப்பது இந்த 104 என்ற எண்ணால்தான். அதற்குள் வந்துவிட்டால் ஆண்டுக்கு நான்கு கிராண்ட் ஸ்லாம்களின் முதல் சுற்றுப் பணம் உறுதி. 2024 ஆஸ்திரேலிய ஓபனில் முதல் சுற்றில் தோற்றவருக்கே 1,20,000 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது.

வைல்ட் கார்ட் விஷயத்தில் எனக்கு மனக்குறை உண்டு. அவற்றில் பெரும்பாலானவை உள்நாட்டு வீரர்களுக்கே போகும். கிராண்ட் ஸ்லாம் நடக்கும் நாடுகளில் மூன்று, அதாவது ஆஸ்திரேலியா, பிரான்ஸ், அமெரிக்கா, ஒன்றுக்கொன்று ஓர் இடத்தைப் பரிமாறிக்கொள்ளவும் செய்கின்றன. அங்கே பிறந்த 19 வயது வீரருக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு வாய்ப்புகள் தானாக வரும். அதே திறமை உள்ள வேறு நாட்டுக்காரர் அந்தப் புள்ளிகளை எம்25 போட்டிகளில் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும்.

தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களுக்கும் ஒரு கதவு இருக்கிறது. பிரதான சுற்றிலிருந்து யாராவது கடைசி நேரத்தில் விலகினால், தோற்றவர்களில் ஒருவர் உள்ளே வருவார். அவர்தான் லக்கி லூசர். கோகோ காஃப் 2019 அக்டோபரில் லின்ஸ் போட்டியில் இப்படித்தான் நுழைந்தார். வாரக் கடைசியில் பட்டம் அவர் கையில். அப்போது அவருக்கு வயது 15.

வயது வரம்பு

பெண்கள் டென்னிஸில் இது தனிக் கதை. ஜெனிஃபர் காப்ரியாட்டி 1990-ல் 14 வயது நிறைவதற்கு முன்பே தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து, முதல் போட்டியிலேயே இறுதிக்குப் போனார். அதே ஆண்டு பிரெஞ்சு ஓபன் அரையிறுதியிலும் ஆடினார். சில ஆண்டுகளில் களைத்துப்போய் ஆட்டத்தை விட்டே விலகினார். பிறகு திரும்பி வந்து 2001 ஆஸ்திரேலிய ஓபன் வென்றது பெரிய விஷயம், ஆனால் அந்த இடைப்பட்ட ஆண்டுகள் எல்லாரையும் யோசிக்க வைத்தன. 1995-ல் டபிள்யூடிஏ வயது விதி கொண்டுவந்தது. 14 வயதுக்கு முன் தொழில்முறைப் போட்டி ஆட முடியாது. 14 முதல் 17 வரை ஆண்டுக்கு இத்தனை போட்டிகள் என்று வரம்பு, வயது கூடக் கூட எண்ணிக்கையும் கூடும். 18-ல் வரம்பு நீங்கும். 15, 16 வயதுப் பெண் ஒருத்தி நன்றாக ஆடியும் தரவரிசையில் மெதுவாக ஏறினால், அவள் போட்டிகளை எண்ணி எண்ணிச் செலவழிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிலர் இந்த விதியைக் குறை சொல்கிறார்கள். ஒரு குழந்தையின் தோளும் முழங்காலும் மனமும் காப்பாற்றப்படுவதற்கு இது சிறிய விலை என்பதே என் கருத்து.

பணமும் ஆபத்தும்

2023 செப்டம்பரில் இந்திய வீரர் சுமித் நாகல், தன் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்போது அவர் உலகின் முதல் 200 பேருக்குள் இருந்தார். நான்கு மாதம் கழித்து ஆஸ்திரேலிய ஓபனில் தகுதிச் சுற்று வழியாக வந்து, போட்டியின் 31-ஆம் நிலை வீரர் அலெக்சாண்டர் பப்ளிக்கை வீழ்த்தினார். இரண்டாவது சுற்றில் தோற்றாலும் 1,80,000 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது. அடுத்த மாதம் சென்னை சேலஞ்சரை வென்று முதல் நூறுக்குள் வந்தார். ஒரே ஓர் ஆட்டத்தின் முடிவு ஒருவரின் ஓராண்டுச் செலவைத் தீர்மானிக்கும் தொழில் இது.

இதைக் கொஞ்சம் சீராக்க, ஆண்கள் சுற்றில் 2024-லிருந்து ஒரு குறைந்தபட்ச வருமானத் திட்டம் வந்தது. அந்த ஆண்டின் கணக்குப்படி, தகுதி பெற்றவர்களில் முதல் 100 இடங்களில் இருந்தவரின் ஆண்டுப் பரிசுத்தொகை 3,00,000 டாலருக்குக் குறைந்தால் மிச்சத்தை ஏடிபி தந்தது. 101 முதல் 175 வரை இருந்தவருக்கு அந்த எல்லை 1,50,000, அதற்குக் கீழே 250 வரை 75,000. நல்ல தொடக்கம். ஆனால் மொனாஸ்டிரில் ஆடும் 500-ஆவது இடத்துக்காரரை இது எட்டவில்லை.

அவரை வேறு ஆட்கள் எட்டுகிறார்கள். சிறிய போட்டிகளின் மீதும் பந்தயம் கட்டப்படுகிறது. 156 டாலருக்கு ஆடுகிறவரிடம் ஒரு செட்டை விட்டுக்கொடுக்கச் சொல்லி அதைவிடப் பல மடங்கு தருவதாகப் பேசுகிறவர்கள் உண்டு. விதி மிகக் கண்டிப்பானது. பணம் வாங்குவது மட்டுமில்லை, அப்படி ஒருவர் அணுகியதைச் சர்வதேச டென்னிஸ் நேர்மை முகமையிடம் சொல்லாமல் இருப்பதே குற்றம். தண்டனை பல ஆண்டுத் தடை, சில நேரம் ஆயுள் தடை. 18 வயதில் தனியாகப் பயணம் செய்யும் பிள்ளைக்கு இந்த விதியைப் பயிற்சியாளர் முதல் பயணத்துக்கு முன்பே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது ஆண்டு

முதல் ஆண்டில் இளம் வீரருக்கு ஒரு சௌகரியம் உண்டு: விழுவதற்குப் புள்ளிகளே இல்லை. எது கிடைத்தாலும் லாபம். எதிராளிக்கும் அவர் ஆட்டம் தெரியாது. அடுத்த ஆண்டு இரண்டும் மாறிவிடும்.

எம்மா ரடுகானு 2021-ல் 18 வயதில், 150-ஆவது இடத்திலிருந்து, தகுதிச் சுற்று வழியாக வந்து அமெரிக்க ஓபன் வென்றார். தகுதிச் சுற்றிலிருந்து வந்து கிராண்ட் ஸ்லாம் வென்ற முதல் ஆள் அவர்தான். பத்து ஆட்டங்களில் ஒரு செட்டும் இழக்கவில்லை. தகுதிச் சுற்றையும் சேர்த்து 2040 புள்ளிகள். அடுத்த ஆண்டு அதே போட்டியில் முதல் சுற்றில் தோற்றபோது அந்தப் புள்ளிகள் ஒரே வாரத்தில் விழுந்தன. 11-லிருந்து 83-க்கு இறங்கினார். "சரிந்துவிட்டார்" என்று எழுதினார்கள். ஒரு வாரத்துப் புள்ளிகளை எடுத்துவிட்டுப் பார்த்தால், 19 வயதில் முதல் நூறுக்குள் இருக்கும் ஒரு வீராங்கனை. அது நல்ல இடம்தானே?

கார்லோஸ் அல்கராஸின் வளர்ச்சி இன்னொரு வகை. 2020 பிப்ரவரியில், 16 வயதில், ரியோவில் தன் முதல் ஏடிபி ஆட்டத்தை வென்றார். அதற்குப் பிறகு அவர் பெரிய போட்டிகளையே துரத்திக்கொண்டு ஓடவில்லை. அதே ஆண்டு சேலஞ்சர் சுற்றில் ஆடி மூன்று பட்டங்களை வென்றார். 2021 ஜூலையில் உமாகில் முதல் ஏடிபி பட்டம். 2022-ல் அமெரிக்க ஓபனும் உலக முதலிடமும், 19 வயதில். மேலே போய்த் தோற்றுக்கொண்டே இருப்பதா, ஒரு படி கீழே ஆடி வெல்லப் பழகுவதா என்பது ஒவ்வோர் இளம் வீரரின் அணியும் வாராவாரம் எடுக்கும் முடிவு. வென்று பழக்கப்படுவதும் ஒரு திறமை என்பதால், எனக்கு இரண்டாவது வழியில்தான் நம்பிக்கை அதிகம்.

காயம் பட்டதால் ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆட முடியாமல் போனவர்களுக்கு, காயத்துக்கு முந்தைய நிலையை ஒட்டிய ஒரு பாதுகாக்கப்பட்ட தரவரிசை தரப்படும். திரும்பி வந்ததும் குறிப்பிட்ட சில போட்டிகளில் நுழைய மட்டும் அதைப் பயன்படுத்தலாம். பட்டியலில் உள்ள இடம் அதனால் மாறாது.

முதல் நூறுக்குள் நிலைத்துவிட்ட பிறகு அடுத்த இலக்கு 32. கிராண்ட் ஸ்லாமில் அத்தனை பேருக்குத்தான் போட்டித் தரநிலை, அதாவது சீடிங், தரப்படும். அந்த 32 பேரும் மூன்றாவது சுற்றுக்கு முன் ஒருவரை ஒருவர் சந்திக்க மாட்டார்கள். 33-ஆவது இடத்தில் இருப்பவருக்கு, யாரும் விலகாவிட்டால், முதல் நாளிலேயே எதிரே உலகின் முதல் நிலை வீரர் நிற்கக்கூடும்.